அரைப்பேர்

வால்வைக் காணோம் என்றுதான் அனுப்பினார்கள்.
நுவரெலியாப் பூங்காவின் புல்லுக்கடியில்
எங்கோ ஓர் இரும்பு மூடி.
வரைபடம் வைத்திருந்தவர் பென்ஷன் வாங்கிப் போய்விட்டார்,
வரைபடத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது,
குழாய் மட்டும் ஒழுங்காக ஒழுகுகிறது.

சபையில் மெஷின் தெரிந்தவள் நான் ஒருத்தி.
முகமாலையில் ஆறு வருஷம் படித்த படிப்பு.
அங்கே சத்தம் கேட்டால்
மூச்சை நிறுத்தி, முழங்காலில் இறங்கி,
சரிவாகக் கம்பியை நுழைத்து
மண்ணிடம் மெதுவாக விசாரிக்க வேண்டும்:
யாரம்மா நீ?
இங்கே சத்தம் கேட்டால்
பெரும்பாலும் சோடா மூடி.

ஆனாலும் கை மாறவில்லை.
முதல் மூடிக்கு இருபது நிமிஷம் எடுத்தேன்.
காவலாளி பியதிஸ்ஸ
சப்பாத்துக் காலால் புல்லை ஓர் உதை உதைத்து
"நங்கி, இது பார்க்" என்றார்.
அவர் காலை எடுக்கும்வரை
நான் மூச்சு விடவில்லை.

சீசன் முடிந்து மூன்றாம் வாரம்.
கொழும்பு ஆட்கள் உருண்டு புரண்ட புல்.
ஊஞ்சலடியில் ஐந்து ரூபாய்க் குற்றிகள்,
பாய் விரித்த இடத்தில் எந்த வீட்டுச் சாவியோ,
குதிரை நின்ற இடத்தில் லாட ஆணி.
பிறகு, பூப்போல விளிம்பு நெளிந்த பத்துச் சதம்.
பியதிஸ்ஸ அதை வாங்கிக் கால்சட்டையில் தேய்த்தார்.
"இதுக்கு ஒரு பணிஸ் வாங்கியிருக்கேன்."
பணிஸைப் பார்ப்பது போலவே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைப்ரஸ் வேர்ப்பக்கம்
மெஷின் வேறு குரலில் பேசியது.
காதுக்குள் போன கொசு மாதிரி,
மெல்லிசாக, விடாமல்.
ஒரு சாண் ஆழம். கறுத்த மண்.
வட்டத் தகடு, நடுவில் ஓட்டை.
ராசா தலை இல்லை, ராணி தலை இல்லை.
எச்சில் தொட்டுத் துடைத்தால்
ஏதோ தோட்டத்தின் மூன்று எழுத்து,
கீழே ஒன்று, ஒன்றுக்கடியில் கோடு,
கோட்டுக்கடியில் இரண்டு.

"லட்சம் போகும்" என்றார் பியதிஸ்ஸ.
எனக்கு வாயில் வேறு சொல் வந்தது.
கோப்பிக் காலத்துத் தகரம் போலிருக்கிறது,
அரைநாள் வேலைக்கு அரை.
நாள் கூலியை நாங்கள் பேர் என்றுதான் சொல்லுவோம்.
இன்றைக்குப் பேர் போட்டாச்சா?
நேற்று அவளுக்குப் பேர் இல்லை.
அப்படியென்றால் யாரோ ஒருத்தி
மடி அவிழ்ந்து இங்கே தொலைத்தது
ஓர் அரைப்பேர்.

காத்தாயி என்று இருந்திருந்தால்
விழுந்தது காத்தா, தாயியா?
மீதியை வைத்துக்கொண்டு
எப்படித் திரும்பிப் பார்த்திருப்பாள்
யாராவது கூப்பிட்டபோது?
தேடக்கூட முடிந்திருக்காது.
தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் காசுக்காக
துரைமார் உலாவும் புல்லில்
குனிந்து நிற்க யார் விட்டிருப்பார்கள்?
நான் குனிந்து நிற்கிறேன்,
கழுத்தில் அடையாள அட்டையோடு.

ஓவசியரின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"பழசு என்றால் மேலே அறிவிக்கணும், தலைவலி" என்று
இதர உலோகம் என எழுதி
எடை கேட்டார்.
சோடா மூடிகளோடு சேர்த்து
முந்நூற்றைம்பது கிராம்.

இரண்டு மணிக்கு
பீதுறு மலையிலிருந்து மழை இறங்கியது.
குடைக்குள் நின்றபடியே கொப்பியைத் திறந்து
தவமலர் என்ற பெயருக்கு நேரே
ஒன்று போட்டார், கோடு போட்டார்,
கோட்டுக்கடியில் இரண்டு போட்டார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மழைக்கு யார் பொறுப்பு.

வேலைக்கு முன் தோட்டைக் கழற்றும் பழக்கம்
இன்னும் போகவில்லை எனக்கு.
மெஷினுக்குப் பக்கத்தில்
ஒரு கொண்டை ஊசியும் ஆகாது என்று
அந்த ஆறு வருஷம் சொல்லிச் சொல்லி வளர்த்தது.
பஸ்ஸில் ஏறி இடதைப் போட்டேன்.
வலதைக் காணோம்.
பையில் இல்லை, கைலேஞ்சி முடிச்சில் இல்லை.
வேர்ப்பக்கம் குனிந்தபோதா,
பத்துச் சதத்தைக் கொடுத்தபோதா?

நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.
வால்வையும்.